ஜெயபாய் எடுக்கும் போன்

அந்த 1999-ஆம் வருஷம் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருந்த எந்தக் கடையில் ஏறி விசாரித்திருந்தாலும் சத்தியராஜைப் பற்றி ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்: பெற்ற அப்பனுக்காக இப்படி மண்டையை உடைத்துக்கொள்கிற மகனை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும்? அதைக் கேட்கும்போதெல்லாம் சத்தியராஜுக்குக் காது மடல் இரண்டும் சிவந்துபோகும். கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான். என்ன அடக்கம் பாருங்கள் என்று சனங்கள் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் புகழ்வார்கள். பாவி, அது அடக்கம் இல்லை.

விஷயம் இதுதான், சுற்றி வளைப்பானேன். ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலையில் அவன் அப்பாவை அடித்திருந்தான்.

அப்பா எலியா, அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஜெயபாய் இறந்து ஆறு வருஷமாகிறது. கடைசி இரண்டு வருஷமாக அவருக்கு ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தது. முதலில் கண்ணாடி வைத்த இடம், பிறகு சாப்பிட்டோமா என்பது, பிறகு ஜெயபாய் இறந்தது. திருவனந்தபுரத்து டாக்டர் சீட்டில் டிமென்ஷியா என்று எழுதி, இது கூடுமே தவிரக் குறையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீடு பாறசாலைக்கு அப்பால் இஞ்சிவிளையில். காலையில் சத்தியராஜும் மனைவி லிஜியும் நெய்யாற்றின்கரைக்கு வந்துவிடுவார்கள். அங்கே அவர்களுக்குக் கார் டேப்ரெக்கார்டர் பொருத்தும் கடை. அவன் வேலை செய்வான், அவள் மேசையில் இருந்து போன் எடுப்பாள், பில் போடுவாள். பகல் முழுக்க எலியா வீட்டில் தனியாக இருப்பார். பக்கத்து வீட்டுப் புஷ்பபாய் வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள்.

அன்றைக்கு லிஜி முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள். சத்தியராஜ் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தபோது, அப்பாவின் அறையிலிருந்து அந்த மூத்திர வாடை வந்தது. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. மெத்தை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எலியா இடுப்பில் ஈர முண்டோடு நடுவீட்டில் நின்று, தண்ணீர் யார் கொட்டியது என்று கேட்டார். கை நீண்டுவிட்டது என்றுதான் சத்தியராஜ் பிற்பாடு தனக்குள் சொல்லிக்கொண்டான். கை தானாக நீளுமா என்ன? அவன்தான் நீட்டினான். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை.

எலியா அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எலே, ஆரு அடிச்சது?"

"ஆரும் அடிக்கேல்ல. கதவு இடிச்சு."

"கதவா?"

"ஆமா. பாத்து நடக்கண்டாமா?"

கிழவர் கதவைப் பார்த்தார். அது நாலு முழம் தள்ளி இருந்தது. சரி என்று தலையாட்டினார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் வழக்கம்போலச் சிரித்தார், வண்டி லேட்டா என்று கேட்டார். மறந்துவிட்டார் என்று சத்தியராஜ் நம்பினான். நம்பியாகவேண்டிய தேவை அவனுக்கு இருந்தது. இரண்டு வருஷமாக அவனைப் பிழிந்தெடுத்த அந்த மறதியால் முதல் தடவையாக அவனுக்கு ஓர் உபகாரம். உலகத்தில் இதை அறிந்தவன் அவன் ஒருவன்தான், அவன் வாயைத் திறக்காதவரை வெளியே வர வழியில்லை.

ஆனால் மனசு கேட்க வேண்டுமே. மூன்றாம் நாள் துபாயிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து பழைய மொபைல் போன் ஒன்றை வாங்கினான். அப்பா பகலில் தனியாகக் கிடக்கிறார், ஓர் ஆபத்து என்றால் கூப்பிட வேண்டாமா என்று லிஜியிடம் சொன்னான். வீட்டுக்கு லேண்ட் போன் கேட்டு எழுதிக் கொடுத்து நாலு வருஷம், வரிசை இன்னும் நகரவில்லை. இது என்றால் ஒரு பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிடலாம். அவர் எங்கே நடந்தாலும் கூடவே வரும்.

மாட்டிவிட்டால் ஆயிற்றா? அந்தப் போனில் பதினேழு பொத்தான். எலியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டிக்கெட் மெஷினா என்று கேட்டார். சத்தியராஜ் உட்கார்ந்து யோசித்தான். கையில் வேலை தெரிந்தவன், அதில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. நடுவில் இருக்கும் பெரிய பொத்தானை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை பிளாஸ்டர் ஒட்டி மூடினான். அந்தப் பெரிய பொத்தானை அமுக்கினால் கடைக்குப் போன் வரும்படி செய்தான். அமுக்கு, பேசு, அவ்வளவுதான்.

கடையில் மணி ஒரு தடவை அடிக்கும், லிஜி கையை நீட்டுவதற்குள் நின்றுவிடும். மறுபடி அடிக்கும், மறுபடி நிற்கும். ஒரு காலையில் பதினெட்டு தடவை. சத்தியராஜ் மேசையைத் தட்டிக் கத்தினான். அப்போது கடையில் கிருஷ்ணன்குட்டி உட்கார்ந்திருந்தார். எலியா கண்டக்டராக இருந்த வண்டியைப் பதினாறு வருஷம் ஓட்டியவர், ஓய்வு பெற்ற பிறகு கடைக்கு வந்து பத்திரிகை படிப்பது வழக்கம்.

"எலே, நீ அவருக்க கூட வண்டியில ஏறினதே இல்லியா?" என்றார் கிருஷ்ணன்குட்டி. "அது டபுள் பெல்லாக்கும். ஒரு பெல் அடிச்சா வண்டி நிக்கும். போகணும்னா ரெண்டு. எலியா அண்ணன் சென்மத்தில ஒரு பெல் அடிச்சு வண்டியப் போகச் சொல்லுவாரா?"

உண்மைதான். அழைப்பதற்கும் அதே பொத்தான், துண்டிப்பதற்கும் அதே பொத்தான். கிழவர் போகட்டும் என்று இரண்டு தடவை அமுக்க, போன் முதல் அமுக்கில் அழைத்து இரண்டாவதில் துண்டித்துக்கொண்டிருந்தது. சத்தியராஜ் விழுந்து விழுந்து சிரித்தான், பிறகு திருத்தினான். பெரிய பொத்தானையும் மூடிவிட்டு, ஓர் எண் பொத்தானை மட்டும் திறந்துவைத்தான். அதைச் சற்று நேரம் அமுக்கிப் பிடித்தால் கடைக்கு அழைக்கும். மேலே எத்தனை தடவை அமுக்கினாலும் துண்டிக்காது.

இப்போது வேறு சிக்கல். அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது எலியாவுக்கு நினைவில் நிற்கவில்லை. அந்தப் பொத்தான் மேல் சத்தியராஜ் தன்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வெட்டி ஒட்டினான். மகன் முகத்தைப் பார்த்தால் மகனைக் கூப்பிடத் தோன்றுமே. எலியா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "இது ஏது செக்கிங் இன்ஸ்பெக்டரு?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் போனைத் தொடவே மாட்டேன் என்றார். லிஜிக்குச் சிரிப்பு வந்தது. சத்தியராஜுக்கு வரவில்லை.

கடைசியில் தன் தங்கச்சியின் கல்யாண போட்டோவிலிருந்து அம்மாவின் முகத்தை நகத்தளவுக்கு வெட்டி ஒட்டினான். எலியா அதைப் பார்த்தார். "ஜெயபாய்" என்றார். கட்டை விரலை அந்த முகத்தின் மேல் வைத்தார், எடுக்கவே இல்லை. எத்தனை தடவை சொல்லியும் வராத அமுக்கிப் பிடித்தல் தானாகவே வந்துவிட்டது. மறுநாள் பகலில் கடையில் மணி அடித்தது. லிஜி எடுத்து, "ஹலோ, மாமா" என்றாள். அந்தப் பக்கம் கிழவர், "ஜெயபாயிக்கிட்ட குடு" என்றார். லிஜி புருஷனைப் பார்த்தாள். அம்மாவாகவே பேசு என்று அவன் சைகை காட்டினான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் தானாக்கும், சொல்லுங்க" என்றாள்.

அன்று முதல் தினமும் கஞ்சி குடித்த பிறகு, பதினொரு மணிவாக்கில், போன் வரும். லிஜி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பத்து நிமிஷம் பேசுவாள். என்ன சொன்னார் என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, பழைய கதை" என்பாள். சத்தியராஜுக்கு நெஞ்சில் கொஞ்சம் பாரம் குறைந்தது. அடித்த கைதானே இதையும் செய்தது, கணக்கு நேராகிவிட்டது என்று ஒரு நாள் ஸ்கூட்டரில் வரும்போது நினைத்தான். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தான்.

செய்தி பரவியது. சபையில் பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பேர் சொல்லாமல் சொன்னார், எல்லாரும் திரும்பி அவனைத்தான் பார்த்தார்கள். பெண்கள் ஐக்கியத்து ஆனந்தபாய், ஆராதனை முடிந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரரும் போன மாதம் பாறசாலை ஸ்டேஷனில் இறங்கிவிட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருந்தார். "எனக்கும் ஒண்ணு செய்து தா மக்கா" என்றாள். மொபைல் விற்கிற அகிலேஷ் என்ற பையனும் கேள்விப்பட்டு, தன் முதலாளியிடம் சொல்லப்போவதாகச் சொன்னான். இரண்டு பேரையும் ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குக் கடைக்கு வரச் சொன்னான் சத்தியராஜ். கூட்டத்தில் ஒருவராகக் கிருஷ்ணன்குட்டியும் இருந்தார், அவர் எப்போதும்தான் இருப்பாரே.

அன்று காலை கடைப் போனின் லைனிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு கார் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து, இரண்டு ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டினான். அப்பா பேசுவது எல்லாருக்கும் கேட்க வேண்டாமா?

"இது வேண்டாம்" என்றாள் லிஜி.

"ஏன்?"

"அவரு சொந்தக் காரியம் பேசுவாரு. ஆளுக கேக்கப்பிடாது."

"பழைய கதைண்ணு நீதான சொன்ன?"

"வேண்டாம்ணு சொன்னா கேளுங்களேன்." அவள் போனின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். அதைச் சத்தியராஜ் கவனித்திருக்கலாம். அவன் ஸ்பீக்கரில் சத்தம் சரியாக வருகிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினொன்று ஐந்துக்கு மணி அடித்தது. லிஜி எடுத்தாள். கடை முழுக்க எலியாவின் மூச்சு கேட்டது.

"ஜெயபாய்..."

"சொல்லுங்க."

"எங்க போன இம்புட்டு நேரம்?"

"சந்தைக்கு. கஞ்சி குடிச்சியளா?"

ஆனந்தபாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அகிலேஷ் மெதுவாக, "கொள்ளாம் சேட்டா, நல்ல ஐடியா" என்றான். சத்தியராஜ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றான், மறைப்பானேன்.

"கேளு" என்றார் எலியா, ரகசியம் பேசுகிற குரலில். ஸ்பீக்கர் அதையும் விடாமல் பெரிதாக்கியது. "இண்ணைக்கும் போயிட்டுது. முண்டு, விரிப்பு எல்லாம் நனஞ்சு. வாளியில முக்கி வச்சிருக்கேன். நீ வந்து காயப்போட்டுரு. பய வாறதுக்கு முன்ன வரணும், கேட்டியா."

"வாறேன். போன வைக்கேன்" என்று சொல்லி லிஜி ரிசீவரை வைத்துவிட்டாள். ஆனால் சத்தியராஜ் வேலை தெரிந்தவன் அல்லவா, ஒயரை நேராக லைனில் கொடுத்திருந்தான். ரிசீவரை வைத்த பிறகும் லைன் துண்டிக்காமல் குரல் வந்துகொண்டே இருந்தது.

"பய அண்ணைக்கு அடிச்சான், உங்கிட்ட சொன்னேம்லா. கன்னத்தில. கதவு இடிச்சுண்ணாக்கும் சொன்னான்." கிழவர் லேசாகச் சிரித்தார். "கதவுக்கு கை உண்டா ஜெயபாய்? நான் பின்ன ஒண்ணும் சொல்லேல்ல. இனியும் அடிப்பானோண்ணு பயமாக்கும். நீ வேகம் வா."

ஒயரைப் பிடுங்கினால் போதும், அது அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அன்றைக்கு அவ்வளவு வேகமாக நீண்ட கை இன்றைக்கு அசையவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அகிலேஷ் தன் செருப்பைப் பார்த்தான். சத்தியராஜ் லிஜியைப் பார்த்தான், அவள் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கிட்ட சொன்னேம்லா. அப்படியானால் இத்தனை நாளும் அவளுக்குத் தெரியும். தினமும் பதினொரு மணிக்குச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று இதைத்தான் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் அவனுக்குச் சோறும் பரிமாறியிருக்கிறாள். சத்தியராஜுக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது.

"ஜெயபாய்? இருக்கியா? ஒரு 'ம்' கொட்டேன்."

யாராவது பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். சத்தியராஜ் ரிசீவரை எடுத்தான்.

"அப்பா, நான் சத்தியனாக்கும்."

ஸ்பீக்கரில் வாளியின் கைப்பிடி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு கிழவரின் குரலே வேறு மாதிரி வந்தது, சின்னதாக, அவசரமாக.

"நான் ஒண்ணும் சொல்லேல்ல மக்கா. ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்லேல்ல. கதவு தானாக்கும் இடிச்சு. கதவு தான்."

சத்தியராஜ் ரிசீவரை மேசையில் வைத்தான். லிஜி எழுந்து வந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள்.

"எலே" என்றார் கிருஷ்ணன்குட்டி. பதினாறு வருஷம் அந்தக் கண்டக்டரின் மணியை நம்பி வண்டி எடுத்தவர் அவர். "அவரு சொன்னது உள்ளதா?"

இல்லை என்று சொல்லலாம். அப்பாவுக்கு ஞாபகம் இல்லை, வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்றால் கேட்டவர்கள் நம்பக்கூட நம்புவார்கள். அகிலேஷ் அப்படி ஒரு வார்த்தை வந்தால் நல்லது என்கிற மாதிரிதான் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

"உள்ளது" என்றான் சத்தியராஜ்.

கிருஷ்ணன்குட்டி பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அகிலேஷ் பிறகு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். ஆனந்தபாய் வாசல்வரை போய்த் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தான். "எனக்க வீட்டுக்காரரும் போன வாரம் கட்டில நனச்சாரு" என்றாள். "நானும் வாயில வந்தபடி ஏசினேன். எனக்கு இப்ப பயமா இருக்கு மக்கா." அவளும் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ ஏன் எங்கிட்ட கேக்கேல்ல?" என்றான் லிஜியிடம். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"நீங்களா சொல்லுவியளாண்ணு பாத்தேன்" என்றாள் லிஜி. "தினமும் பாத்தேன்."

அவன் ஸ்கூட்டரை எடுத்தான். அமரவிளைப் பாலம், உதியன்குளங்கரை, பாறசாலைச் சந்தை என்று எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. அப்பாவின் காலில் விழ வேண்டும் என்று வழி முழுக்க நினைத்தான். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட வார்த்தை வார்த்தையாக அடுக்கி வைத்திருந்தான்.

எலியா வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். விரிப்பு முழுதும் தண்ணீர் குடித்துக் கனத்து, அவர் கைக்கு அடங்காமல் பாதி மண்ணில் கிடந்தது. கழுத்தில் போன் தொங்கியது. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பயமில்லை. பழக்கமில்லாத ஆளைப் பார்த்தால் வருகிற மரியாதைச் சிரிப்புத்தான் வந்தது.

"நல்ல சமயத்தில வந்தீரு" என்றார். "இதுக்க அந்தத் தலைய ஒண்ணு பிடியும். பிழியணும். எனக்க மகன் வாறதுக்கு முன்ன காயணும்."

அடுக்கி வைத்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சத்தியராஜ் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் எதிரெதிராக நின்று முறுக்கினார்கள், தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது.

"மகன் வந்தா என்ன செய்வான்?" என்றான்.

எலியா அவனை ஏற இறங்கப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"ஒரு நாள் அடிச்சான்" என்றார். "நீரு அதை அவன்கிட்ட கேட்டுராதேயும். அவனுக்கு நாணக்கேடாயிரும்."

"அடிச்சது அவன்தான? நாணக்கேடு வரட்டும். ஊரு முழுக்க அறியட்டும்."

முறுக்கிக்கொண்டிருந்த கிழவரின் கை நின்றது. கண்டக்டர் பையோடு நின்ற காலத்தில் குடித்துவிட்டு ஏறுகிறவனைப் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்க பயலாக்கும் அவன்" என்றார். "நீரு துணிய மட்டும் பிடியும்."

சத்தியராஜ் பிடித்தான்.